டியூன் பக்கியின் பின் சீட்டுக்கு பெல்ட்

புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிவைத்த மணல் வண்டி ரகத்தில் பெரும்பாலானவற்றுக்கு மேலே ஃபைபர் கிளாஸ் பாடி, கீழே ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் இரும்புத் தளம். பெல்ட்டின் பிடி இரும்பில்தான் இருக்க வேண்டும். வெறும் ஃபைபரில் முடுக்கிய போல்ட், வண்டி மோதினால் துண்டோடு பிய்த்துக்கொண்டு வரும். வாஷர் போட்டாலும் பெரிய வித்தியாசமில்லை.

சீட் பெல்ட்டுக்கென்றே விற்கும் 7/16 அங்குல போல்ட்டை வாங்குங்கள். கடையில் கிடைக்கிற ஏதோ ஒன்று உதவாது. பெல்ட்டை மாட்ட ரோல் பாரில் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் குழாய்ச் சட்டம்) ஓட்டை போட்டால் குழாயின் பலம் போய்விடும். அதன்மேல் கெட்டியான தகட்டை வெல்டிங் செய்து, அதில் மாட்டுங்கள். துளையிடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். தளத்தின் நடுச் சுரங்கத்தைத் துளைக்காதீர்கள்: அதற்குள்ளேயே பெட்ரோல் குழாயும் கிளட்ச் கேபிளும் ஓடுகின்றன.

மடிப் பட்டை இடுப்பெலும்பில் படிய வேண்டும், வயிற்றில் அல்ல. பிடி சீட்டுக்கு ரொம்பப் பின்னால் போனால் பட்டை மேலே ஏறிவிடும்.

மணலும் வெயிலும் பட்டையை அரித்துவிடும். நூல் பிரிந்தால் தைக்காதீர்கள், புதிதாக மாற்றுங்கள்.