தமிழ்க் கிறித்தவ உபதேச மரபில் உணவு உருவகம்: ஞானப்பால் முதல் பலமான ஆகாரம் வரை

முன்னுரை

அறிவையும் அருளையும் உணவாகக் காணும் வழக்கு தமிழில் தொன்மையானது. திருக்குறளின் கேள்வி அதிகாரம் கேள்வியைச் செவிக்குரிய உணவாகக் கொள்கிறது. சீகாழியில் உமையம்மை அளித்த ஞானப்பாலை உண்ட குழந்தை பாடத் தொடங்கிய வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. இத்தகைய மரபுடைய மொழியில் கிறித்தவ உபதேசமும் உணவாகவே உருவகிக்கப்பட்டது. நல்ல உபதேசம் எது என்பதற்கு அவ்வுருவகம் வகுக்கும் அளவுகோல்களையும், அவை தொடக்ககாலத் தமிழ்க் கிறித்தவ உரைநடை நூல்களில் செயற்பட்ட பாங்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

பாலும் ஆகாரமும்

விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பேதுருவின் முதலாம் நிருபத்தில் 'ஞானப்பால்' என்னும் சொல்லை ஆள்கிறது. தமிழ் வாசகர்க்கு இச்சொல் சம்பந்தரை நினைவூட்டுவது இயல்பு. எனினும் இரண்டிற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. சம்பந்தர் உண்ட பால் அந்நொடியிலேயே முழுஞானத்தைத் தந்தது. பேதுரு கூறும் பால், புதிதாய்ப் பிறந்த குழந்தை படிப்படியாக வளர்வதற்குரியது. முன்னது அருளின் நிறைவையும், பின்னது வளர்ச்சியின் தொடக்கத்தையும் சுட்டுகின்றன.

எபிரெயர் நிருபம் இக்கருத்தை மேலும் கொண்டு செல்கிறது. போதகராயிருக்க வேண்டிய காலத்திலும் பாலையே நாடுவோரை அது கடிந்து, தேறினவர்க்குரியது 'பலமான ஆகாரம்' என்கிறது. கொரிந்தியர்க்கு எழுதிய முதலாம் நிருபத்திலும் பவுல் இவ்வேறுபாட்டைக் காட்டுகிறார். எனவே உபதேசம் தூயதாயிருத்தல் மட்டும் போதாது. உண்பவரின் நிலைக்கு ஏற்றதாயும் இருத்தல் வேண்டும். முன் உண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணுமாறு கூறும் திருக்குறளின் மருந்து அதிகாரம் இக்கருத்துடன் ஒப்புநோக்கத்தக்கது.

ஆரோக்கியமான உபதேசம்

தீத்துவுக்கு எழுதிய நிருபத்தில் வரும் 'ஆரோக்கியமான உபதேசம்' என்னும் தொடர் தனித்துக் கருதத்தக்கது. கிரேக்க மூலச்சொல் உடல்நலத்தைக் குறிப்பது. 'சரியான', 'பிழையற்ற' என்னும் பொதுச்சொற்களை நாடாமல், மூலத்திலுள்ள மருத்துவப் பொருளைத் தமிழாக்கம் அப்படியே காத்துள்ளது. இதனால் உபதேசத்தின் மெய்ம்மை அதன் விளைவோடு இணைகிறது. அந்நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இவ்வுபதேசத்திற்குப் பொருந்தியவற்றைக் கூறுமிடத்து, முதிய ஆடவர், முதிய பெண்டிர், இளம்பெண்கள், இளைஞர், அடிமைகள் என ஒவ்வொருவர்க்கும் உரிய ஒழுக்கத்தை வகுக்கிறது. உண்டவர் உடலில் உணவின் தரம் வெளிப்படுவதுபோல, கேட்டவர் வாழ்வில் உபதேசத்தின் நலம் வெளிப்படும் என்பது இதன் உட்கிடை.

முத்துக்குளித்துறையில் உபதேச நூல்கள்

இவ்வளவுகோல்களின் இன்றியமையாமையை முத்துக்குளித்துறை வரலாறு தெளிவாக்குகிறது. 1530களின் இடைப்பகுதியில் அங்குப் பரதவர் பெருந்தொகையினராகத் திருமுழுக்குப் பெற்றனர். முறையான உபதேசமோ அவர்களை உடனே எட்டவில்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் மன்றாட்டுகளைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாகக் கற்பித்தார். பொருளுணர்ந்து கற்பதற்குரிய அச்சுநூல்கள் அண்டிரிக் அடிகளாரின் உழைப்பால் பின்னரே வந்தன.

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களே கொண்ட சிறுநூல். மறுஆண்டில் கொச்சியில் வெளிவந்த 'கிரீசித்தியானி வணக்கம்' வினாவிடை வடிவில் விளக்கம் தருகிறது. 1580இல் பாவசங்கீர்த்தனத்திற்குரிய 'கொம்பெசியொனாயரு' வெளிவந்தது. 1586இல் 600க்கும் மேற்பட்ட பக்கங்களில் 'அடியார் வரலாறு' அச்சானது. மனனம், விளக்கம், தன்னாய்வு, வாழ்வு எடுத்துக்காட்டு என இந்நூல்களின் பயன்பாடு படிப்படியாக விரிவதைக் காணலாம். 'ஞானப்பால்', 'பலமான ஆகாரம்' என்னும் சொற்கள் பிற்கால மொழிபெயர்ப்பிற்குரியன. அவை குறிக்கும் படிநிலையோ இந்நூல்வரிசையில் முன்னரே அமைந்துள்ளது. புரியாத மொழியில் ஓதப்படும் மன்றாட்டு எவ்வளவு தூயதாயினும் ஊட்டமாகாது என்பதை மக்கள்மொழியில் எழுந்த இம்முயற்சி உணர்த்துகிறது.

ஊட்டுபவர் தகுதி

உணவு உருவகத்தில் உணவும் உண்பவரும் போலவே ஊட்டுபவரும் இன்றியமையாதவர். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இயற்றிய 'வேதியர் ஒழுக்கம்' இவ்விடத்தில் சிறப்புப் பெறுகிறது. வேதியர் என்பது இங்கு உபதேசியாரைக் குறிக்கும். சமயக் குரவர் எப்போதாவது மட்டுமே வந்து செல்ல இயன்ற சிற்றூர்களில், மக்களுக்கு நாள்தோறும் உபதேசம் அளித்தவர்கள் இவர்களே. அவர்தம் ஒழுக்கத்திற்கும் கடமைக்கும் முனிவர் தனிநூல் ஒன்றை எழுதியமை, கற்பிப்பவரின் வாழ்வு குன்றின் கற்பிக்கப்படுவதும் நஞ்சாகும் என்னும் பொறுப்புணர்வைக் காட்டுகிறது. போதகரின் ஒழுக்கத்தையும் உபதேசத்தையும் ஒருங்கே வலியுறுத்தும் தீத்து நிருபத்தோடு இந்நூல் நோக்கால் ஒன்றுபடுகிறது.

முடிவுரை

தமிழ்க் கிறித்தவ மரபில் ஆன்மிக ஊட்டம் என்பது தூய்மை, தகுதிப்பாடு, விளைவு ஆகிய மூன்று அளவுகோல்களால் அறியப்படுகிறது. சம்பந்தர் வரலாற்றோடு ஒப்பிடுகையில் வளர்ச்சியைப் படிநிலையாகக் காண்பது இம்மரபின் தனித்தன்மை எனலாம். தொடக்ககால உரைநடை நூல்களை அச்சு வரலாற்றுச் சான்றுகளாக மட்டும் நோக்காது, கற்போர் நிலையறிந்து எழுந்த போதனை இலக்கியமாகவும் அணுகுதல் தமிழ் உரைநடை வளர்ச்சியை மேலும் தெளிவாக்கும். திருமுழுக்குப் பெற்றும் உபதேசம் பெறாதிருந்த ஒரு சமூகத்தின் பசியே அவ்வுரைநடை தோன்றுதற்குரிய முதன்மைக் காரணங்களுள் ஒன்று என்பது இதனால் பெறப்படும்.