இணையத்திற் படப்பெருக்கும் பங்கீடும்

தண்ணிமுறிப்புக் குளத்து நீரை நம்பிச் சிறுபோகஞ் செய்தவர்க்கு ஓர் உண்மையை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. குளத்தில் நீர் இருப்பது வேறு. அந்நீர் வாய்க்காலின் கடைசி வயலை அடைவது வேறு. மேல்வயற்காரர் யாவரும் ஒரே வேளையில் நீரைத் திருப்பினாற் கடைவயற் பயிர் வாடும். இணையவழிப் படக்காட்சியால் இன்று எழுந்துள்ள நெருக்கடியும் இத்தகையதே. அதன் இயல்பினை மாணாக்கர் அறிதல் நன்றெனக் கருதி இக்கட்டுரை எழுதலாயிற்று.

முதலிற் சுமையின் அளவை நோக்குவோம். தொலைபேசிப் பேச்சை இலக்கமாக்கி ஒரு திசையில் அனுப்பப் பழைய முறைப்படி செக்கனுக்கு 64 கிலோபிற் போதும். அஃது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 29 மெகாபைற் ஆகும். நெற்பிளிக்ஸ் படமொன்றை உயர்தெளிவிற் பார்ப்பின் மணிக்கு 3 கிகாபைற் வரை செல்லும். ஏறத்தாழ நூறு மடங்கு! யூடியூப் 2005 இலே தோன்றியது. நெற்பிளிக்ஸ் 2007 இல் இணையவழியே படம் அனுப்பத் தொடங்கி, 2016 சனவரியில் இலங்கையையும் எட்டியது. கடிதமும் செய்தியும் சென்ற வழியிலே படம் வெள்ளமெனப் புகுந்தது.

இனி, நெருக்கடி பிறக்குமாற்றை ஓர் உதாரணத்தாற் காண்போம். செக்கனுக்கு 1000 மெகாபிற் கொள்ளும் பொதுவழி ஒன்று உளது. அதிலிருந்து 1000 வீடுகளுக்குத் தலைக்கு 10 மெகாபிற் தருவதாக வழங்குநர் உடன்பட்டுள்ளார் என்க. எல்லோரும் ஒருங்கே பயன்படுத்தார் என்பதே அவர் கணக்கு. இதனை வஞ்சகம் என்று தள்ளிவிடல் முறையன்று. வீட்டுக்கொரு தனிவழி அமைப்பின் கட்டணம் ஏழைக்கு எட்டாது. ஆயின், படம் இக்கணக்கைக் குலைக்கின்றது. கடிதம் ஒரு கணத்தில் வந்து நின்றுவிடும். படமோ இரண்டு மணி நேரம் ஓயாது ஓடும். இரவு எட்டு மணிக்கு 300 வீட்டார் தலைக்கு 5 மெகாபிற் கேட்பின் தேவை 1500 ஆகின்றது. வழியோ 1000 தான். குறை எல்லார் தலையிலும் விழும். கோபுரமொன்றின் அலையைப் பலர் பகிரும் கைத்தொலைபேசி இணைப்புக்கும் இவ்விதியே பொருந்தும்.

இதற்கு வழங்குநர் கண்ட பரிகாரம் மாதப் பங்கு. பங்கு தீர்ந்தால் வேகம் குறையும், அல்லது மேலும் பணங் கட்டவேண்டும். மாதத்துக்கு அளவு விதிப்பதனால் மாலைநேர நெருக்கம் நேரே தீராது; விடியுமுன் பார்ப்பவனையும் எட்டு மணிக்குப் பார்ப்பவனையும் அது ஒருபடித்தாகவே எண்ணும். நள்ளிரவுக்குப் பின் பயன்படுத்துதற்கெனத் தனிப்பங்கு கொடுக்கும் முறை அதனினும் அறிவுடையது. அது முறைத்தண்ணீரை ஒத்தது. ஆனால், பாடங்களை இறக்கிக்கொள்ளப் பிள்ளை நித்திரை விழிக்க நேரின் அது நல்ல பங்கீடாகுமா?

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது இவ்வினா கூர்மையடைந்தது. படமும் பாடமும் ஒரே வழியிலே வந்தன. நெருக்கம் உற்றபோது முதலில் இடறியது பாடமே. ஏனெனில், படம் முன்கூட்டியே சிறிது சேர்த்துவைக்கப்படும்; வழி சுருங்கினால் தெளிவைக் குறைத்துக்கொண்டும் ஓடும். ஆசிரியர் அந்நேரத்திற் பேசும் பேச்சைச் சேர்த்துவைத்தல் எங்ஙனம்? படத்துக்குச் சொந்தத் தொட்டி உண்டு, பாடத்துக்கு இல்லை. பல்கலைக்கழக மாணவர் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் வழியாக விரிவுரைகளைக் கட்டணமின்றிப் பெற அவ்வாண்டில் வகைசெய்யப்பட்டது. கல்விக்கு முதலிடங் கொடுத்தல் இயலும் என்பதற்கு அது சான்று.

செலவை யார் தாங்குவது? கட்டணங் கொடுக்கும் கடப்பாடு தமக்கில்லை என நெற்பிளிக்ஸ் நிறுவனத்தார் தென்கொரியாவின் எஸ்.கே. புறோட்பாண்ட் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கைச் சியோல் நீதிமன்றம் 2021 இல் ஏற்கவில்லை. 2023 இல் இருபாலாரும் இணங்கினர். வாடிக்கையாளர் ஏற்கெனவே பணங் கட்டிவிட்டார் என்பது ஒருசாரார் வாதம். வெள்ளத்தை விடுபவரே வாய்க்காலையும் அகலிக்க உதவுக என்பது மறுசாரார் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும், 2020 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் வேண்டியதும் நெற்பிளிக்சும் யூடியூபும் அங்கே படச்சுமையைக் குறைத்தன. நெற்பிளிக்ஸ் குறைத்தது ஏறக்குறைய காற்பங்கு. மனமிருப்பின் அடக்கிக்கொள்ளலாம் என்பது அதனாற் பெறப்பட்டது.

ஆகவே, மூவர்க்கும் கடமை உண்டு. படம் அனுப்புவோர், பலரும் விரும்பும் படங்களின் பிரதிகளை அந்தந்த நாட்டிலே சேமித்துவைத்து நெடுவழிச் சுமையைக் குறைத்தல் வேண்டும். வழங்குநர், மாலைவேளையில் உண்மையாகக் கிடைக்கும் வேகத்தை விற்கும்போதே சொல்லவேண்டும். பார்ப்போராகிய நாமோ, உள்ளங்கை அளவான திரைக்கு உயர்தெளிவு வேண்டாமென்று ஒதுக்கலாம். வீட்டிற் பிள்ளை படிக்கும் வேளையிற் படத்தை நிறுத்தலாம்.

சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூடி, உள்ள நீருக்கு எத்தனை ஏக்கர் விதைப்பதென்று தீர்மானிப்பது நம் நாட்டு வழக்கம். அக்கூட்டத்திற் கடைவயற்காரனுக்கும் வாயுண்டு. இணைய வாய்க்காலின் கடைவயலிலே, அறுந்தறுந்து வரும் ஆசிரியர் குரலுக்குச் செவிசாய்த்து முள்ளியவளைப் பிள்ளை இருக்கின்றது. அதன் சார்பிற் பேசவேண்டியவர், அதே வகுப்பறைகளிற் கற்று வெளியேறிய நாமன்றோ?