குண்டுக்கரிச்சான்

நம் திருவண்ணாமலையில் கோடை விடியலில் முந்தி எழுந்து பாடும் பறவைகளுள் ஒன்று குண்டுக்கரிச்சான். இதனை வண்ணாத்திக்குருவி என்றும் அழைப்பர்.

நீளம் ஏறத்தாழ 20 செ.மீ. ஆணின் தலை, மார்பு, முதுகு ஆகியவை பளபளக்கும் கறுப்பு. வயிறும் சிறகிலுள்ள பட்டையும் தூய வெள்ளை. பெண்ணுக்குக் கறுப்புக்குப் பதில் சாம்பல் நிறம். வாலை விறைப்பாகத் தூக்கியபடி தரையில் தத்தித் தத்திப் பூச்சிகளைத் தேடும். மின்கம்பியில் அமரும் இரட்டைவால் கரிச்சான் வேறு. அது உடல் முழுதும் கறுப்பு.

பனிக்காலத்தில் இது பெரும்பாலும் பாடாது. 'இதுவா பாடகர்?' என்று கேட்கத் தோன்றும்! பங்குனி பிறந்ததும் ஆண்பறவை மர உச்சியில் அமர்ந்து பாடத் தொடங்கும். பெண்ணை அழைப்பதும், இது என் எல்லை என்று பிற ஆண்களை எச்சரிப்பதும் அப்பாட்டின் நோக்கங்கள். பிற பறவைகளின் குரலையும் இடையிடையே கலந்துவிடும்.

கிளையில் கூடு கட்டுவது இதன் வழக்கமன்று. மரப்பொந்தோ சுவர்ப் பொந்தோ வேண்டும். அதில் வேர், புல், மயிர் பரப்பி 3 முதல் 5 முட்டைகள் இடும். அடைகாப்பது பெண்; குஞ்சுகளுக்கு இரை ஊட்ட ஆணும் உதவும். இங்கேதான் கவலை. பழைய மாமரத்தை வெட்டி, மதிலின் பொந்துகளைச் சிமெண்டால் பூசிவிட்டால், தோட்டத்தில் இரை இருந்தும் இதற்குக் குடியிருக்க இடமில்லை. பங்குனி முதல் ஆடி வரையேனும் அவ்வேலையைத் தள்ளிவைக்கலாமே! பொந்தில்லாத வீட்டில், பூனைக்கு எட்டாத உயரத்தில், துளையிட்ட மரப்பெட்டியைக் கட்டி வைத்தால் அதிலும் இது கூடு கட்டுவதுண்டு.