ஏரி ஆளுகையைப் பன்னிலையில் வாசித்தல்: இளம் ஆய்வாளர் பயிற்சிக்குத் தமிழ்ச் சான்றுகள்

ஆய்வுச் சுருக்கம்

இயற்கை வளங்களை ஆளும் அதிகாரம் ஊர், மாவட்டம், மாநிலம், நடுவணரசு எனப் பல நிலைகளில் பகிர்ந்து கிடக்கிறது. இந்நிலைகளை ஒருங்கே வாசிக்கும் பயிற்சி இளம் ஆய்வாளர்க்கு இன்றியமையாதது. கல்வெட்டு, சட்டம், களவழக்கு ஆகிய மூவகைச் சான்றுகளையும் இணைத்து வாசித்தாலன்றித் தமிழக ஏரிகளின் ஆளுகை பற்றிய முடிவுகள் முழுமை பெறா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பன்னிலை ஆளுகை, பொதுவளம், ஏரி வாரியம், குடிமராமத்து, நீர்க்கட்டி.

முன்னுரை

நீர்நிலை அமைத்தல் அரசனின் கடமை என்னும் கருத்து தமிழில் தொன்மையானது. புறநானூற்றின் 18-ஆம் பாடலில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அக்கடமையை எடுத்துரைக்கிறார். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளிலோ ஏரியைப் பேணும் பொறுப்பு ஊரவைக்குரியதாகவும் பதிவாகியுள்ளது. அவ்வாறாயின் ஏரியை ஆண்டவர் அரசனா, ஊரா என்னும் வினா எழுகிறது. இவ்விரண்டனுள் ஒன்றை மட்டும் விடையாகத் தேர்ந்துகொள்வது எளிது. ஆயினும் சான்றுகள் அத்தகைய எளிய விடைக்கு இடந்தருவதில்லை. இவ்வினாவை அணுகத் தேவையான ஆய்வுப் பயிற்சி எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பன்னிலை ஆளுகை: கருத்தாக்கம்

பன்னிலை ஆளுகை என்னும் தொடர் 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசியலை விளக்க கேரி மார்க்ஸ் கையாண்டது. அதிகாரம் ஓரிடத்தில் குவியாமல், ஒன்றியம், நாடு, வட்டாரம், உள்ளாட்சி எனப் பல நிலைகளில் பேச்சின் வழியாகவும் மோதலின் வழியாகவும் இயங்குவதை அது குறித்தது. ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு நீர்ச் சட்டகநெறி ஆற்றுப்படுகையை மேலாண்மை அலகாக ஏற்று, மக்கள் பங்கேற்பையும் வலியுறுத்தியபோது இக்கருத்தாக்கம் இயற்கை வள ஆய்விலும் வலுப்பெற்றது.

எலினோர் ஆசுட்ரம் 1990-இல் வெளியிட்ட நூல், பொதுவளங்களை மக்கள் தாமே நெடுங்காலம் பேணிவந்ததை உலகின் பல பகுதிச் சான்றுகளால் காட்டியது. அவர் வகுத்த எட்டு நெறிகளுள் இறுதியானது ஈண்டு கருதத்தக்கது. பெரிய வள அமைப்புகளில் சிறிய அமைப்புகள் பெரியவற்றினுள் அடுக்கடுக்காகப் பொருந்தியிருத்தல் வேண்டும் என்பதே அந்நெறி. எனவே ஊரின் தன்னாட்சியும் மேல்நிலை அரசும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அவற்றின் இணைப்பே ஆய்வுப் பொருளாகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் சான்று

உத்திரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தகனின் 12, 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பெரிதும் அறியப்பட்டவை. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை வழியாக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் அறுவர் ஏரி வாரியமாக அமைந்து 360 நாள் பணியாற்றினர். வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்குரியவர் ஆகார் என்பதும் விதியாகும்.

இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ஊர்க் குடியாட்சியின் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றன. பன்னிலை நோக்கில் வாசிப்பின் மேலும் மூன்று செய்திகள் புலப்படுகின்றன. முதலாவது, சபை இவ்விதிகளை வகுத்தது அரசாணையின்படி, அரச அலுவலர் உடனிருந்தபோதே ஆகும். இரண்டாவது, ஈராண்டு இடைவெளியிலேயே விதிகள் திருத்தப்பட்டுள்ளன. வயது வரம்பு முதற் கல்வெட்டில் 30 முதல் 60 எனவும், அடுத்ததில் 35 முதல் 70 எனவும் அமைகிறது. முதல் ஏற்பாடு நடைமுறையில் நிறைவளிக்கவில்லை என்பதை இத்திருத்தம் உணர்த்துகிறது. மூன்றாவது, கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் தகுதிகளாக்கப்பட்டன. ஏரி நீரால் வாழ்ந்த நிலமற்ற உழைப்பாளரும் பெண்களும் வாரியத்திற்கு வெளியே நின்றனர். ஆகவே ஒரே கல்லில் அரசாணையும் சபையின் தன்னாட்சியும் விலக்கப்பட்டோரின் இருப்பும் ஒருங்கே பதிவாகியுள்ளன.

ஒரு சொல், மூன்று ஏற்பாடுகள்

ஆளுகை நிலைகள் இடம்மாறுவதைச் சொல் வரலாறும் காட்டும். குடிமராமத்து என்பது ஊரார் தம் உழைப்பால் கரையையும் கால்வாயையும் செப்பனிடும் வழக்கத்தைக் குறித்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1858-ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் அவ்வழக்கத்தைச் சட்டக் கடப்பாடாக்கியது. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் தொடங்கியது அரசு நிதியால் இயங்கும் திட்டமாகும். சொல் மாறவில்லை, யார் ஆணையிடுகிறார், யார் உழைக்கிறார், யார் செலவிடுகிறார் என்பன மாறிவிட்டன. சொல்லின் தொடர்ச்சியை நிறுவனத்தின் தொடர்ச்சியாகக் கொள்ளும் ஆய்வு இவ்விடத்தில் வழுக்கும்.

இன்றைய ஏரியின் ஆளுகை நிலைகள்

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை மாநில நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் அமைகின்றன. ஏரியின் நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் புறம்போக்காக இருக்கும். மரம், மீன், வண்டல் ஆகியவற்றுக்குத் தனித்தனி உரிமைகளும் ஏலங்களும் உண்டு. அரசமைப்பின் 73-ஆம் திருத்தம் சிறுபாசனத்தை ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களுள் ஒன்றாக்கியது. 2000-ஆம் ஆண்டின் சட்டமோ உழவர்களின் பாசன மேலாண்மைச் சங்கங்களுக்கு வழிவகுத்தது.

இவ்வடுக்கு மாநில எல்லையோடு முடிவதில்லை. காவேரிப்பாக்கம் ஏரி பாலாற்று அணைக்கட்டிலிருந்து நீர் பெறுகிறது. பாலாறோ கர்நாடகம், ஆந்திரம் வழியாகத் தமிழகத்தை அடைகிறது. எனவே அவ்வேரியின் கடைமடைப் பூசல் மாநிலங்களுக்கிடையேயான நீர்ப்பங்கீட்டோடும் தொடர்புடையதாகிறது.

களவழக்கின் இன்றியமையாமை

மதகைத் திறந்து வயல்தோறும் நீரைப் பங்கிடுபவர் வட்டாரந்தோறும் நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடைக்குடும்பன் எனப் பல பெயர்களால் வழங்கப்பெறுகிறார். பல ஊர்களில் இப்பணி ஒடுக்கப்பட்ட சாதியினரின் மரபுவழிப் பொறுப்பாக இருந்துவந்துள்ளது. பஞ்ச காலத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்பதை நன்கறிந்த அவருக்கு முடிவெடுக்கும் அவையில் இடமிருந்ததா என்பது கேட்கப்பட வேண்டிய வினாவாகும். டேவிட் மாஸ் 2003-இல் வெளியிட்ட நூல், தமிழக ஏரிப் பாசனம் சமூகத்தின் தன்னியல்பான ஒற்றுமையால் மட்டும் அமைந்ததன்று. அரசதிகாரமும் சாதிப் படிநிலையும் அதனை வடிவமைத்தன என வாதிடுகிறது.

பயிற்சிக்கான நெறிகள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் இளம் ஆய்வாளர்க்கான பயிற்சி நான்கு நெறிகளைக் கொள்ளலாம்.

1. ஒரே ஏரியைப் பற்றிய கல்வெட்டு, நிலவரிப் பதிவேடு, சட்டம், வாய்மொழி வழக்கு ஆகியவற்றை அடுத்தடுத்து வைத்து வாசித்தல்.

2. ஒவ்வொரு சான்றிலும் விதியை வகுத்தவர், செயற்படுத்தியவர், பயன்பெற்றவர், விலக்கப்பட்டவர் யாவர் என அட்டவணைப்படுத்தல். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினரை வரையறுக்கும் பகுதியை உத்திரமேரூர்த் தகுதி விதிகளோடு ஒப்பிடுதல் இதற்கு நல்ல பயிற்சியாகும்.

3. மேலேரியின் கலிங்கு வழியும் நீர் கீழேரியை அடையும் ஏரித்தொடரை நடந்து கண்டு, ஊரெல்லைக்கு அப்பாற்பட்ட சார்புகளை உணர்தல்.

4. பொறியியல், சட்டம், பொருளியல் ஆய்வாளரோடு இணைந்து பணியாற்றுதல்.

தமிழ் பயின்றோர்க்குக் கல்வெட்டு வாசிப்பிலும் வழக்குச்சொல் ஆய்விலும் முன்தேர்ச்சி உண்டு. வரைபடம், வரவு செலவுத் திட்டம், அரசாணை ஆகியவற்றை வாசிக்கும் திறனை அவர்கள் புதிதாகப் பெற வேண்டும். பிற துறையினர்க்கு இதன் மறுதலையான பயிற்சி தேவைப்படுகிறது.

முடிவுரை

ஏரியை ஆண்டது அரசன் மட்டுமோ ஊர் மட்டுமோ அன்று என்பதும், இன்றும் எந்தவொரு துறையும் அதனை முழுமையாக ஆள்வதில்லை என்பதும் பெறப்படுகின்றன. பழைய ஊராட்சியைக் குறையற்றதாகக் கொண்டு அதனை மீட்க வேண்டும் என்னும் பரிந்துரை, அன்று விலக்கப்பட்டோரை மீண்டும் விலக்கும் இடர் உடையது. மேல்நிலைத் திட்டமே போதும் என்னும் பரிந்துரையோ மடையை அறிந்தவரின் அறிவை இழக்கும். இவ்விரு பிழைகளையும் தவிர்க்கத்தக்க ஆய்வாளரை உருவாக்குவதில் தமிழ்த் துறைகளுக்குத் தனிப்பங்கு உண்டு. கல்லில் உள்ள சொல்லையும் மதகருகே வழங்கும் சொல்லையும் ஒருசேர வாசிக்கும் மரபு அவற்றிடமே உள்ளது.