பிக்கப் வண்டியும் சுமைக் கணக்கும்



திருக்குறளின் ‘வலியறிதல்’ அதிகாரத்தை நாம் வகுப்பிலே படித்திருக்கின்றோம். மயிலிறகு மிக மெல்லியதுதான்; எனினும் அதையும் அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கின்றார். அந்தக் குறளைப் பலமுறை கற்பித்த நானே சென்ற கோடை விடுமுறையில் அதை மறந்துவிட்டேன். அந்தத் தவறே இவ்வாண்டு மலரில் எனது பாடமாகின்றது.

பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கி, அதனை முகாம் செல்வதற்கேற்ப நானே மாற்றியமைத்தேன். பின்தட்டுக்கு மூடி பொருத்தினேன். தடித்த ஒட்டுப்பலகையாற் படுக்கையும் இழுப்பறைகளும் செய்தேன். கூரையிலே தாங்கி வைத்து, அதன்மேல் மடிக்கும் கூடாரம் பூட்டினேன். ஒன்ராறியோ மாகாணத்திலே 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அல்கொங்குவின் பூங்காவை நோக்கிக் குடும்பத்தோடு புறப்பட்டோம். இருள் சூழ்ந்ததும் எதிரே வந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கை மின்னி மின்னிக் காட்டின. எனது வண்டியின் பின்புறம் தாழ்ந்து, முன்விளக்குகள் அவர்களது கண்களை நோக்கி எழும்பியிருந்தன. இறக்கத்திலே தடுப்பை மிதித்தபோது வண்டி வழமையான இடத்தில் நிற்கவில்லை. சுக்கானும் இலேசாகிவிட்டது. வழியில் ஒரு விடுதியில் தங்கி, மறுநாள் மெதுவாக வீடு திரும்பினோம்.

மூன்று எண்கள்

சாரதியின் கதவைத் திறந்தால் அருகிலுள்ள தூணில் ஒட்டப்பட்ட சிட்டைகளைக் காணலாம். அவற்றோடு தொடர்புடைய மூன்று எண்களை நாம் அறிதல் வேண்டும்.

முதலாவது, வெறு நிறை. ஆட்களும் பொருட்களும் இன்றி, எரிபொருள் நிரம்பிய வண்டியின் நிறை இதுவாகும். எனது வண்டிக்கு இது 2,400 கிலோகிராம்.

இரண்டாவது, மொத்த நிறை எல்லை. வண்டியும் அதிலுள்ள யாவும் சேர்ந்து தாண்டக்கூடாத அளவு இது. எனது வண்டிக்கு 3,050 கிலோகிராம்.

மூன்றாவது, சுமை எல்லை. முன்னைய இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே இது, 650 கிலோகிராம். சிட்டையிலே இது ‘ஆட்களும் பொருட்களும் சேர்ந்து தாண்டலாகாத நிறை’ என்று குறிக்கப்பட்டிருக்கும். ஆட்கள் என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. பின்தட்டில் ஏற்றும் பொருட்கள் மட்டுமே சுமை என எண்ணுகின்றனர். ஓட்டுபவரும் சுமையே, அவர் மடியிலுள்ள பையும் சுமையே.

ஒரே பெயரும் ஒரே நிறமும் கொண்ட இரு வண்டிகளுக்கும் இவ்வெண் வேறுபடலாம். பெரிய இயந்திரமும் மேலதிக வசதிகளும் வெறு நிறையைக் கூட்டுவதால் சுமை எல்லை குறையும். ஆகவே விளம்பரத்தில் உள்ள எண்ணை நம்பாது, உங்கள் வண்டியின் கதவருகே உள்ள எண்ணையே கொள்ளுங்கள்.

எனது கணக்கு

வீடு திரும்பியபின் எனது மகன் குளியலறைத் தராசைக் கொண்டுவந்தான். பொருளைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, வரும் எண்ணிலிருந்து தன் நிறையைக் கழித்து, இந்தப் பட்டியலை எழுதினான். கழற்ற இயலாதவற்றின் நிறையை அவற்றோடு வந்த கைந்நூல்களிற் பார்த்துக்கொண்டான். அளவுகள் கிலோகிராமில்:

ஆட்கள் ஐவர் – 280
பின்தட்டு மூடி – 90
படுக்கையும் இழுப்பறைகளும் – 105
கூரைத் தாங்கியும் கூடாரமும் – 90
தண்ணீர், 40 லீற்றர் – 40
பற்றரி, குளிர்பெட்டி, அதிலுள்ள உணவு – 50
காஸ் சிலிண்டரும் அடுப்பும் – 25
அரிசி, பருப்பு, பாத்திரங்கள் – 30
உடுப்பு, போர்வை, மடிக்கும் கதிரைகள் – 60
திருத்தும் கருவிகள் – 20

கூட்டினால் 790. எல்லையோ 650. ஆகவே 140 கிலோகிராம் அதிகம். பின்னர் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றி, குடும்பத்தோடு, கல்லும் மண்ணும் விற்கும் இடத்திலுள்ள வாகன நிறுவைமேடைக்குச் சென்றேன். அங்கே 3,210 என்று காட்டியது. எமது கணக்கின்படி 3,190 அல்லவா வரவேண்டும்? மீதி 20 எங்கே? பனிக்காலத்தில் பின்சில்லுகள் வழுக்காதிருக்க நான் வைத்த மணல் மூட்டை ஒன்று மூலையிலே கிடந்தது! கணக்கு வேண்டும், நிறுத்துப் பார்த்தலும் வேண்டும்.

எங்கே வைக்கின்றோம்?

எவ்வளவு ஏற்றுகின்றோம் என்பதோடு, எங்கே ஏற்றுகின்றோம் என்பதும் முக்கியமாகும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. விஞ்ஞான பாடத்தில் நெம்பு பற்றிக் கற்றதை நினைவுகூருங்கள். இரு அச்சுகளுக்கும் இடையே 3.6 மீற்றர் தூரம் எனக் கொள்வோம். பின் அச்சுக்கு அப்பால் 1.2 மீற்றரில் 100 கிலோகிராம் பெட்டியைப் பொருத்தினால், பின் அச்சில் கூடும் பாரம் 100 × 4.8 ÷ 3.6, அதாவது ஏறத்தாழ 133 கிலோகிராம். முன் அச்சிலே 33 கிலோகிராம் குறைந்துவிடும். எனது சுக்கான் இலேசாகியதன் காரணம் இதுவே. ஆகையால் பாரமானவற்றைத் தாழ்வாகவும், பின் அச்சுக்கு முன்னாலும் வைத்தல் நன்று. கூரையில் ஏற்றும் பாரம் வளைவுகளில் வண்டியைச் சரிக்க முயலும்.

சில தவறான எண்ணங்கள்

‘கனத்த வில்லுப் பூட்டினால் கூடுதலாக ஏற்றலாம்’ என்பர் சிலர். வில்லு, தாழ்ந்த பின்புறத்தை உயர்த்தும், அவ்வளவே. அச்சும், தடுப்பும், ரயரும், சட்டகமும் பழையனவே. கதவருகே உள்ள எண் மாறாது.

‘இவ்வண்டி நான்கு தொன் இழுக்குமே’ என்பர் வேறு சிலர். இழுப்பது வேறு, சுமப்பது வேறு. இழுவை வண்டியை மாட்டினால், அதன் நிறையில் ஏறத்தாழ 10 முதல் 15 வீதம் கொளுவியின்மேல் அழுத்தும். அதுவும் சுமைக் கணக்கிற் சேரும்.

‘ஓடுகிறதுதானே’ என்பது மூன்றாவது எண்ணம். ஓடுவது இயந்திரத்தின் வலிமை. நிற்பது தடுப்பின் வலிமை. ஒரே வேகத்தில், நிறை கூடும் அளவுக்குத் தடுப்புகள் வெப்பமாக மாற்றவேண்டிய சக்தியும் கூடும். மிகைச் சுமையால் ரயரும் சூடேறும். அதில் காற்றும் குறைந்திருந்தால் ஆபத்து இரட்டிப்பாகும். ரயரின் பக்கச் சுவரிலும் அதன் சுமை எண் உண்டு. உதாரணமாக 116 என்றால், அந்த ரயர் 1,250 கிலோகிராம் வரை தாங்கும்.

எதை இறக்குவது?

கூரைத் தாங்கியையும் கூடாரத்தையும் நீக்கி, நிலத்தில் அடிக்கும் 10 கிலோகிராம் கூடாரம் வாங்கினோம், 80 குறைந்தது. கனத்த பலகை வேலையைக் கழற்றி, மெல்லிய பலகையில் எளிய படுக்கை செய்தேன், 70 குறைந்தது. பூங்காவின் முகாம் மைதானத்திலே குடிநீர்க் குழாய் உண்டு, ஆகவே 10 லீற்றர் தண்ணீர் போதும், 30 குறைந்தது. மணல் மூட்டை 20. மொத்தம் 200. இப்போது சுமை 610. எல்லைக்குள் 40 மிச்சம். பல வார இறுதிகள் உழைத்துச் செய்த இழுப்பறைகளைக் கழற்றுவது எனக்கு இலேசாக இருக்கவில்லை.

அன்று எனக்கு வேறொரு பயணம் நினைவுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் யாவரும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் புறப்பட்டபோது நான் உங்களைப் போன்ற மாணவன். அப்பா சைக்கிள் கரியரிலே அம்மாவின் தையல் இயந்திரத்தைக் கட்டினார். எங்கள் வீட்டின் வருமானமே அதுதான். பின்பு அப்பாச்சியைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்து, இயந்திரத்தை இறக்கிவைத்து, அப்பாச்சியை ஏற்றினார். முகாம் என்ற சொல் எங்களுக்கு அன்று தந்த பொருள் வேறு. நீங்கள் மகிழ்ச்சியோடு முகாம் செல்லும் தலைமுறை. அது எங்களுக்கும் மகிழ்ச்சியே. ஆயினும் கணக்கின் முதல் வரி அன்றும் இன்றும் ஒன்றே: முதலில் ஆட்களை எழுதுங்கள், மீதியில்தான் பொருட்கள்.

பயிற்சி

1. ஒரு வண்டியின் சுமை எல்லை 720 கிலோகிராம். நால்வரின் மொத்த நிறை 250. பின்தட்டு மூடி 80. இன்னும் எவ்வளவு ஏற்றலாம்?

2. அச்சுகளுக்கு இடையே 3.5 மீற்றர். பின் அச்சுக்கு அப்பால் 1 மீற்றரில் 70 கிலோகிராம் வைத்தால், பின் அச்சில் எவ்வளவு கூடும்? முன் அச்சில் எவ்வளவு குறையும்?

3. 610 கிலோகிராம் ஏற்றிய எனது வண்டியில், 1,200 கிலோகிராம் இழுவை வண்டியை மாட்டலாமா? கொளுவியில் 12 வீதம் அழுத்தும் எனக் கொள்க.

4. உங்கள் வீட்டு வாகனத்தின் சுமை எல்லையைப் பெற்றோருடன் சேர்ந்து பார்த்து எழுதுக.

5. 475ஆம் குறளை மனனம் செய்து, அடுத்த வகுப்பில் பொருளோடு ஒப்புவிக்குக.