போடி மலைக்கு எந்த வரைபடம்?

ஏலக்காயை மாவட்டவாரியாக நிறம் தீட்டிக் காட்டினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். விளைச்சல் கணக்கை எடுத்தால் கேரளத்தின் இடுக்கி அடர்பச்சையாகவும் பக்கத்துத் தேனி வெளிர்பச்சையாகவும் வரும். விற்பனைக் கணக்கை எடுத்தால் தேனியும் கறுத்துவிடும்; ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல விற்பனை இடுக்கியின் புற்றடியிலும் தேனியின் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது. இரண்டு படத்திலும் எண்ணில் பிழை இல்லை. ஆனால் இரண்டாவதைப் பார்க்கிறவர் அதே தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியின் மானாவாரிக் காட்டிலும் ஏலக்காய் காய்க்கிறது என்று நம்பினால் குற்றம் அவருடையது அல்ல. தாலுகாவாரி அட்டவணை கைக்கு வந்தால் பகுதிக்கொரு நிறம் தீட்டும் நிழற்பட்டை, இடக்குறியீடுகள் வந்தால் புள்ளி, அளவீட்டு நிலையங்களின் பட்டியல் வந்தால் ஒரே மதிப்புள்ள இடங்களை இணைக்கும் சம அளவுக்கோடு என்று, தரவு வந்த வடிவத்தைப் பார்த்தே வரைபட முறையைத் தேர்ந்தெடுக்கிறோம். மென்பொருளும் அந்த வரிசையில்தான் பொத்தான்களை அடுக்கித் தருகிறது. பார்க்கவேண்டியது வேறு: அந்த எண் தரையில் எப்படி நடந்துகொள்கிறது? எல்லைக்கோட்டில் சட்டென்று மாறுகிறதா, சரிவோடு சேர்ந்து மாறுகிறதா, ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறதா, அல்லது காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுகிறதா? போடியும் அதன் மேலுள்ள ஏலமலைச் சரிவும் இந்த நான்கையும் ஒரே தாளில் வைத்திருப்பதால் முறைகளை ஒப்பிட்டுப் பார்க்கத் தோதான இடம்.

நிழற்பட்டை வரைபடத்தை முதலில் வரைந்தவர் பிரான்ஸ் நாட்டின் சார்லஸ் துப்பேன், ஆண்டு 1826. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எத்தனை என்பதை மக்கள்தொகையோடு ஒப்பிட்டு, விகிதமாக்கித்தான் அவர் நிறம் தீட்டினார். மொத்த எண்ணிக்கையை அப்படியே நிறமாக்குவது பின்னால் வந்த சோம்பேறித்தனம். பெரிய தாலுகா பெரிதாக இருப்பதாலேயே அடர்ந்து தெரியும் அந்தப் பிழையை விகிதம் சரிசெய்துவிடும். போடியில் இன்னொரு பிழை பாக்கி நிற்கிறது. ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரும், 2,000 மீட்டரைத் தாண்டும் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டமும் ஒரே தாலுகா. கீழே தென்னை, அடிவாரத்தில் மாவும் இலவும், மேலே காபி, அதற்கும் மேலே ஏலம் என்று உயரத்துக்கு உயரம் பயிர் மாறுகிற நிலத்துக்கு ஒரே நிறம் பூசினால், அந்தச் சராசரிக்குப் பொருந்துகிற இடம் தாலுகாவுக்குள் எங்கேயும் இல்லாமல் போகலாம். போதாததற்குக் கொழுக்குமலைக்கு வாகனத்தில் போக வேண்டுமென்றால் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். நிர்வாகப் படம் அதைப் போடியோடு சேர்க்கிறது, பாதை சேர்க்கவில்லை.

இதற்கு மருந்தாக டேசிமெட்ரிக் முறையைச் சொல்வார்கள். தாலுகா எண்ணை அதே தாலுகாவுக்குள், அது இருக்கச் சாத்தியமுள்ள நிலத்தில் மட்டும் பரப்பிக் காட்டுவது. ஆள் இல்லாத இடத்தைக் கழித்துவிட்டு மக்கள் அடர்த்தியைக் கணக்கிடுவது போல. 2011 கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தின் மக்கள்தொகை 12,45,899. இதை மாவட்டப் பரப்பால் வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு நானூற்றுச் சொச்சம் வரும். காட்டைக் கழித்துவிட்டு வகுத்தால்தான் பள்ளத்தாக்கின் நெரிசல் தெரியும். மக்கள்தொகைக்கு இந்த முறையைத் தயங்காமல் எடுக்கலாம். ஏலத்துக்கு இதே வேலையைச் செய்தால் படம் தலைகீழாகிவிடும். ஏலம் நிழல் கேட்கும் பயிர். மரத்தை நிறுத்திவைத்து அதனடியில் வளர்ப்பது. இந்திய வனக் கணக்காய்வு நிறுவனமோ, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை பத்து சதவீதத்தைத் தாண்டினால், அது யாருடைய நிலம், சட்டப்படி என்ன வகை என்று பாராமல், வனப்பரப்பில் சேர்க்கிறது. ஆகவே செயற்கைக்கோள் படத்தில் காடு என்று வருவதையெல்லாம் கழித்தால் முதலில் காணாமற்போவது ஏலத்தோட்டமாக இருக்கும். காட்டுக்குப் பதில் உயரத்தை வடிகட்டியாக வைப்பது மேல்: ஏலம் பெரும்பாலும் 600 மீட்டருக்கு மேல்தான் நிற்கும். சட்டப்படியான காட்டு எல்லையை வைத்துக் கழிக்கலாமே என்றால், தமிழகப் பக்கத்துச் சரிவில் அது செல்லும். மேட்டுக்கு அந்தப் பக்கம், 1897 அறிவிக்கையின்படி ஏலமலைக் காப்புக்காடு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு. அங்கே கெட்டிக்கோடு போடாமல் விட்டுவிட்டுக் கோடு போடுவதே நேர்மை.

மழைக்கு எல்லையே பொருட்டல்ல என்பதால் சம அளவுக்கோடுதான் சரி என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். அடிப்படையில் சரிதான், மழை எங்கும் பரவியிருக்கும் பொருள். எட்மண்ட் ஹாலி 1701-இல் அட்லாண்டிக் கடல்மேல் காந்த விலக்கத்துக்கு இப்படிக் கோடு வரைந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருளுக்குக் குறுக்கே சுவர் ஏதும் இல்லை. போடிக்கு மேற்கே இருக்கிறது. ஊரிலிருந்து முகட்டிலுள்ள போடிமெட்டு நேர்கோட்டில் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். உயரமோ ஆயிரம் மீட்டர் கூடிவிடுகிறது. இடுக்கியின் மேற்குச் சரிவுகளில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. போடிச் சமவெளியின் சராசரி ஆயிரத்துக்கும் கீழே. தூரத்தை மட்டும் எடைபோட்டு இடைமதிப்பு கணிக்கும் முறை, போடி மழைமானிக்கும் கேரளப் பக்கத்துச் சாந்தன்பாறை மழைமானிக்கும் நடுவில் மழையைச் சீராகக் கூட்டிக்கொண்டே போகும்; நடுவில் ஒரு மலைமுகடு நிற்பது அதற்குத் தெரியாது. கிரிகிங் போன்ற புள்ளியியல் முறை பிழையளவையும் சேர்த்துத் தருகிறதே என்று கேட்கலாம். தருகிறது, ஆனால் மாறுபாட்டின் போக்கு எங்கும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு கணக்கிட்ட பிழையளவு அது, முகட்டில் உடைவது அந்த அனுமானம்தான். மழைமானிகளும் ஆள் இருக்கும் இடத்தில் இருக்குமே தவிரச் செங்குத்துச் சரிவில் இருப்பது அரிது. ஆகவே முகட்டைத் தடைக்கோடாகக் கொடுத்து இருபுறமும் தனித்தனியே கணிக்க வேண்டும், உயரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆண்டுக்கு ஒரே படம் போடக்கூடாது. மேலே தென்மேற்குப் பருவமழை, கீழே பெரும்பகுதி வடகிழக்கு. ஆண்டுக் கூட்டுத்தொகை இந்த இரண்டையும் கலந்து, எந்த மாதத்திலும் பெய்யாத ஒரு மழையைக் காட்டும்.

புள்ளி விஷயத்தில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. லண்டனில் 1854-இல் ஜான் ஸ்னோ காலரா இறப்புகளைத் தெருவாரியாகக் குறித்தபோது ஒவ்வொரு குறிக்கும் ஒரு வீட்டு வாசல் இருந்தது. போடிக்கு மேலுள்ள குரங்கணியின் காட்டுத் தீ 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்த பிறகு, செயற்கைக்கோள் தரும் தீப்புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றுவது பரவலாகிவிட்டது. அந்தப் புள்ளி வாசல் அல்ல. மோடிஸ் கருவியில் ஒரு கிலோமீட்டர், விர்ஸ் கருவியில் 375 மீட்டர் சதுரத்தின் நடுவை மட்டுமே அது குறிக்கிறது; தீ அந்தச் சதுரத்துக்குள் எங்கும் இருக்கலாம். கொட்டகுடிப் பக்கத்துச் சரிவில் 375 மீட்டர் என்பது பள்ளத்துக்கும் புல்மேட்டுக்கும் இடையிலான வேறுபாடு. ஒரே தீயைச் செயற்கைக்கோள் இருமுறை கடக்கையில் கண்டால் இரண்டு புள்ளி விழும். இதன்மேல் அடர்த்தி வரைபடம் போட்டால் தேடல் ஆரத்தைப் பொறுத்து அச்சமே மாறும்: ஐந்து கிலோமீட்டர் கொடுத்தால் மலை முழுக்கச் சிவப்பு, ஐந்நூறு மீட்டர் கொடுத்தால் அங்கங்கே கொப்புளம். புள்ளியைப் புள்ளியாகப் போடாமல் அந்தச் சதுரத்தையே வரைவதும், பல ஆண்டுத் தரவு இருந்தால் ஒரு கிலோமீட்டர் கட்டங்களில் எத்தனை ஆண்டு தீ கண்டது என்று எண்ணுவதும் நல்லது. எத்தனை புள்ளி என்று எண்ண வேண்டாம்.

நகர்வுக்கு வருவோம். போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து தோட்டக் கூலிகளை ஏற்றிய ஜீப்புகள் காலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏறுகின்றன, மாலையில் இறங்குகின்றன. ஊருக்கும் தோட்டத்துக்கும் நேர்கோடு இழுத்தால் பாறைமுகட்டின் குறுக்கே சிக்குப்பிடித்த நூற்கண்டுதான் மிஞ்சும். 1837-இல் ஹென்றி ஹார்னஸ் அயர்லாந்துப் போக்குவரத்துக்குச் செய்ததுபோல, எண்ணிக்கைக்கேற்ற தடிமனில் பட்டைகள் வரைந்து, பாதைகளை மெட்டுகளில் ஒன்றுசேர்க்க வேண்டும். போனவர்களிலிருந்து வந்தவர்களைக் கழித்து நிகர ஓட்டம் காட்டுகிற வழக்கத்தை இங்கே கொண்டுவந்தால் விடை பூஜ்யம். விற்பனைக்கு வட்டம் போதும்: போடிக்கு ஒன்று, புற்றடிக்கு ஒன்று. பெரிய வட்டத்தின் பரப்பைக் கண் குறைத்தே மதிப்பிடும் என்பதால் ஓரத்தில் மாதிரி வட்டங்களோடு அளவையும் எழுதிவிடலாம்.

இத்தனைக்கும் எதிராக ஒரு வாதம் உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. அதிகாரிக்குத் தாலுகாவும் பிர்காவும்தான் தெரியும், நிதியும் அதன்படியே வரும், மக்களுக்கும் நிறம் தீட்டிய படம் உடனே புரிகிறது. பிறகு ஏன் இந்த வம்பு? எண்ணே எல்லையால் பிறந்ததாக இருந்தால் இந்த வாதம் முழுக்கச் சரி. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு வருவாய்க் கிராமம் அல்லது பிர்கா என்ற அலகின்படி முடிவாகிறது. அலகுக்குள் அதே பயிருக்கு எல்லாருக்கும் ஒரே விகிதம், எல்லையைத் தாண்டினால் வேறு. சட்டமன்றத் தொகுதியில் வென்றவர் யார் என்பதும் அப்படித்தான்; தொகுதியின் எந்த மூலையில் நின்றாலும் விடை ஒன்றே. இவற்றுக்கு நிழற்பட்டையைவிடச் சிறந்த முறை இல்லை. வழவழப்பாக்கிய கோடுகள்தான் பொய் சொல்லும். ஏலக்காய் விளைச்சலுக்குத் தாலுகா எண் மட்டுமே கிடைக்கிறது, வேறு வழியில்லை என்பது இன்னொரு வாதம். அப்போது தாலுகாவின் நடுவில் ஒரு வட்டம் போடுங்கள். இவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். எங்கெல்லாம் இருக்கிறது என்று சொல்லாது. தரவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். தாலுகாவுக்குள் புள்ளிகளைத் தூவுவது இதைவிட மோசம். 1830-இல் பிரேர் த மொந்திசோன் பத்தாயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று பிரான்ஸில் சீராகத் தூவினார்; இங்கே தூவினால் பாதி ஏலக்காய் போடி பஸ் நிலையத்தைச் சுற்றி விழும்.

ஏலத்தொழிலை ஒரே தாளில் காட்டச் சொன்னால், அடியில் உயரத்துக்கேற்ற மங்கலான நிறம், அதன்மேல் போடிக்கும் புற்றடிக்கும் இரு வட்டம், மூன்று மெட்டுகளின் வழியே ஜீப் பட்டைகள் என்று அமைக்கலாம். நிழற்பட்டைக்கு இதில் வேலை இல்லை. தாலுகா எல்லைகளை நூலிழையாக விட்டுவைத்தால் போதும். மாநில எல்லையை மட்டும் சற்றுத் தடித்துப் போட வேண்டும். போடிமெட்டில் சோதனைச் சாவடி இருக்கிறது, ஜீப் அங்கே நின்றுதான் போகிறது.