புற்றுநோய்ச் சிகிச்சையும் ஆலய வழிபாடும்



மருணீக்கியார் சூலை நோயால் வருந்திய காலத்தில், தமக்கையார் திலகவதியாரை நாடி இரவோடிரவாகத் திருவதிகைக்கு வந்தார் என்று பெரியபுராணம் கூறுகின்றது. தமக்கையார் அவரைத் தேற்றித் திருநீறு அளித்து, விடியுமுன் திருப்பள்ளியெழுச்சி வேளையில் தாம் திருவலகுப் பணிக்குச் செல்லும்பொழுது அவரையும் உடன் அழைத்துச் சென்றார். இவ்வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நோய் நீங்கியதையும் தேவாரம் பிறந்ததையும் சொல்லி முடித்துவிடுகின்றோம். நோயாளி எந்த வேளையில் சந்நிதிக்குச் சென்றார் என்பதை எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. அது திலகவதியார் நாள்தோறும் தொண்டுக்குச் செல்லும் நேரம் என்பது உண்மைதான். ஆயினும் கூட்டம் இல்லாத நேரம், பக்கத்தில் ஒரு துணை, முன்னே இறைவன் என்ற அந்த ஒழுங்கை, இன்று புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுக்கொண்டே ஆலயத்துக்கு வர விரும்பும் எமது அடியார்களுக்காக மீண்டும் நினைத்துப் பார்க்க வேண்டியுள்ளது.

கிங்ஸ்பரியில் வாழும் எமக்குக் கொவிட் காலம் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த செய்தி அன்று. 2020 மார்ச் மாதத்தில், தீவிர சிகிச்சைப் படுக்கைகள் போதாமையால் அவசர நிலையை அறிவித்த நோர்த்விக் பார்க் வைத்தியசாலை எமது வைத்தியசாலை. அந்த முதல் அலையில் இங்கிலாந்திலேயே மிக அதிகமான இறப்பு வீதத்தைக் கண்ட பகுதிகளில் எமது பிரென்ட் நகரசபைப் பகுதியும் ஒன்று. 2020 மார்ச் 23 இல் நாடு முடங்கியது; ஆலயங்கள் மூடப்பட்டன. யூன் 13 இல் தனித்து வணங்குவதற்கும், யூலை 4 இல் கூட்டு வழிபாட்டுக்கும் கதவுகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றோர் பலரும், உறுப்பு மாற்றம் செய்தோரும், கடும் சுவாச நோயாளரும் அப்போதும் வெளியே வரவில்லை. இங்கிலாந்தில் ஏறக்குறைய 22 இலட்சம் பேரை வீட்டைவிட்டு வெளியேற வேண்டாம் என்று அரசாங்கம் கேட்டிருந்தது. அந்த அறிவுறுத்தல் 2020 ஓகஸ்ட் 1 இல் இடைநிறுத்தப்பட்டு, நோய் மீண்டும் பெருகியபோது திரும்பவும் வந்து, 2021 ஏப்ரல் 1 இல் ஓய்ந்து, அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் முற்றாக முடிவுக்கு வந்தது.

2021 யூலை 19 இல் பெரும்பாலான கட்டுப்பாடுகள் நீங்கின. 2022 பெப்ரவரி 24 முதல் நோய் கண்டவர் தனித்திருக்க வேண்டும் என்ற சட்டமும் இல்லை. ஏப்ரல் 1 முதல் எல்லோருக்குமான இலவசப் பரிசோதனையும் இல்லை. 2023 மே 5 இல் உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. கடைக்காரருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இது வேண்டிய விடுதலைதான். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் சட்டம் சுமந்த பாரம் அன்றிலிருந்து நோயாளியின் தலையில் இறங்கியது. முன்பு 183 ஆம் இலக்கப் பேருந்தில் எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள், அவரும் அணிந்திருந்தார். பிறகு அவர் ஒருவர் மட்டுமே அணிந்திருந்தார். எமது மண்டபத்தில் "இன்னுமா இதைக் கட்டிக்கொண்டு திரிகிறியள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. கேட்டவர் கெட்டவர் அல்லர். ஆனால் அப்படிக் கேட்கப்பட்ட ஒரு சகோதரி அதன்பின் பல மாதங்கள் ஆலயப் பக்கமே வரவில்லை என்பதை நாம் அறிவோம்.

அவருடைய உடம்பில் நடப்பது என்ன? விரைவாகப் பெருகும் கலங்களை அழிப்பதே கீமோதெரபி மருந்துகளின் வேலை. புற்றுநோய்க் கலங்களைப் போலவே எலும்பு மச்சையில் உருவாகும் குருதிக் கலங்களும் விரைவாகப் பெருகுபவை. ஆகவே அவையும் அழிகின்றன. கிருமியோடு முதலில் போராடும் வெண்குருதிக் கலங்களுக்கு நியூற்றோபில் என்று பெயர். ஒரு லீற்றர் குருதியில் 200 கோடிக்கு மேல் இருக்க வேண்டிய இவை 50 கோடிக்கும் குறைந்துவிடுவது உண்டு. சோதனைத் தாளில் 0.5 என்று காணப்படுவது இதுவே. பெரும்பாலும் மருந்து ஏற்றிய 7 ஆம் நாள் தொடக்கம் 14 ஆம் நாள் வரை எண்ணிக்கை மிகவும் தாழ்ந்து, பின் மெல்ல ஏறும். அடுத்த மருந்து வரும், மீண்டும் தாழும். எனவே நோயாளி முகத்தெளிவோடு நன்றாகக் கதைத்துக்கொண்டிருக்கும் அதே நாளில் அவருடைய உடம்பு காவலின்றி இருக்கக்கூடும். பார்த்து அறிய முடியாது.

தடுப்பூசி போட்டாயிற்றே என்று சிலர் கேட்கின்றனர். 2021 இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு இது: பைசர் தடுப்பூசியின் முதல் ஊசிக்கு மூன்று வாரத்தின் பின், நோயற்றவர்களில் 100 க்கு 94 பேரின் குருதியில் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. கட்டியாக வரும் புற்றுநோய் உள்ளவர்களில் 38 பேர். குருதிப் புற்றுநோய் உள்ளவர்களில் 18 பேர் மட்டுமே. மூன்றாம் வாரத்தில் இரண்டாவது ஊசி பெற்றவர்களுள் கட்டி வகைப் புற்றுநோயாளருக்கு நிலைமை நன்றாகத் தேறியது. இது சிறிய ஆய்வுதான். ஆயினும் இதையொத்த முடிவுகள் பின்னரும் வந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில், எதிர்ப்புச் சக்தி கடுமையாகக் குறைந்தோருக்கு மூன்றாவது ஊசியும் முதற்கட்டத் தடுப்பின் ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது. லிம்போமா போன்ற நோய்களுக்கு ரிற்றுக்சிமாப் என்னும் மருந்து பெற்றவர்களுக்கு, எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும் கலங்களே ஆறு மாதத்துக்கு மேலாகவும் இல்லாதிருக்கும். அவர்களுக்கு ஊசி பிடிப்பது அரிது. அதனால் ஊசி வீண் என்று எண்ணிவிட வேண்டாம். சிகிச்சை தொடங்குமுன் இரண்டு வாரமாவது இருக்கப் போட்டுக்கொள்வது நல்லது; எப்போது என்பதைத் தம் வைத்தியரிடம் கேட்டறிக. 2025 ஆம் ஆண்டின் வசந்தகால, இலையுதிர்காலத் தடுப்பூசித் திட்டங்களில் 75 வயதைக் கடந்தோருடனும் முதியோர் இல்லங்களில் இருப்போருடனும் எதிர்ப்புச் சக்தி குறைந்தோரும் சேர்க்கப்பட்டிருந்தனர்.

அவரைச் சுற்றியுள்ள நாம் ஊசி போட்டுக்கொள்வதும் அவருக்குக் காவலே. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படும் மூக்கில் தெளிக்கும் இன்புளுவென்சா மருந்தில் பன்றியிலிருந்து பெறப்படும் ஜெலற்றின் இருப்பதால் எமது குடும்பங்களில் சிலர் மறுத்துவிடுகின்றனர். ஊசி வடிவில் அது இல்லாததைக் கேட்டுப் பெறலாம். பலருக்கு இது தெரியாது. எலும்பு மச்சை மாற்றம் செய்து கடுமையாக எதிர்ப்புச் சக்தி குன்றிய ஒருவர் வீட்டில் இருந்தால், மூக்கு மருந்து பிள்ளைக்குக் கொடுக்கப்படுமுன் அதைச் சொல்லவேண்டும்.

இனி இக்கட்டுரையில் ஒன்றை மட்டுமே நினைவில் வைப்பதாயின், அது காய்ச்சலைப் பற்றியதாக இருக்கட்டும். எமது வீடுகளில் காய்ச்சல் கண்டால் செய்வது என்ன? இரண்டு பனடோல், ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணீர், போர்வை, விடியப் பார்ப்போம். மற்றவர்களுக்கு இது பொருந்தும். கீமோதெரபி பெறுபவருக்கு இதுவே ஆபத்தாக முடியலாம். நியூற்றோபில் குறைந்த உடம்பில் கிருமி குருதியிற் புகுந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே தீங்காகலாம். வைத்தியசாலைகளில் இத்தகைய நோயாளிக்குப் பரிசோதனை முடிவுகளுக்குக் காத்திராமலே அன்ரிபயோற்றிக் ஏற்றத் தொடங்குவதும் அதனாற்றான். பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், கிருமியை மறைக்காது. வாந்தியைத் தடுக்கக் கொடுக்கப்படும் ஸ்ரீரொயிட் குளிசைகளும் காய்ச்சலை மறைக்கக்கூடும். ஆகவே குளிசை விழுங்குமுன் வெப்பமானியை வைத்துப் பார்க்க வேண்டும். 37.5 அல்லது 38 பாகைக்கு மேலென்றால் (எந்த அளவு என்பதை உங்கள் சிகிச்சைக் குழு சொல்லியிருக்கும்), 36 க்குக் கீழென்றால், அல்லது காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம், மயக்கம், மூச்சு வாங்குதல் கண்டால், கீமோதெரபி அட்டையிலுள்ள 24 மணி நேர இலக்கத்தை உடனே அழைக்கவும். இரவு இரண்டு மணியாயினும் சரி. "இந்நேரத்தில் அவர்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது" என்ற எமது பழைய தலைமுறையின் கூச்சம் பெரிய எதிரி. ஆங்கிலம் தடுமாறும் அம்மாமாருக்கு, "என் அம்மா கீமோதெரபியில் இருக்கிறார், காய்ச்சல்" என்ற அந்த ஒரு வசனத்தை ஆங்கிலத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது பிள்ளைகளின் கடமை.

கொவிட் என்று சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்ப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. பக்ஸ்லோவிட் என்னும் குளிசை நோய் தொடங்கி ஐந்து நாட்களுக்குள் ஆரம்பிக்க வேண்டியது. கொலஸ்ரரோல் குளிசை உட்படப் பல மருந்துகளோடு அது ஒத்துப்போகாது. ஆகவே எடுக்கும் மருந்துகள் அனைத்தையும், ஊரிலிருந்து வந்த கசாயப் பொடி, மஞ்சள் குளிசை உட்பட, ஒளிக்காமல் சொல்லவேண்டும். இச்சிகிச்சைக்குத் தகுதி பெற்றவர்களுக்கான இலவசப் பரிசோதனைப் பெட்டிகள் 2023 நவம்பர் முதல் மருந்தகங்கள் ஊடாக வழங்கப்பட்டன. உங்கள் மருந்தகத்தில் விசாரித்து, நல்ல சுகத்தோடு இருக்கும்போதே வாங்கி வையுங்கள்.

ஆலயத்துக்கு வருவோம். ஊரிலே கோயில் என்றால் வெளிவீதியும் மணலும் காற்றும் உண்டு. நல்லூர் வீதியில் எத்தனை பேர் நின்றாலும் மேலே ஆகாயம். லண்டனில் பல ஆலயங்கள் வேறு தேவைக்குக் கட்டப்பட்ட கட்டடங்களில் அமைந்தவை. குளிர் காலத்தில் யன்னல்களும் பூட்டியிருக்கும். காற்றில் பரவும் கிருமிக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. சாம்பிராணிப் புகை கிருமியைக் கொல்லும் என்று சிலர் நம்புகின்றனர். நோயாளிக்கு அது இருமலைத்தான் கொடுக்கும். எனவே வெள்ளி மாலைப் பூசையையும் தேர்த் திருவிழாவையும் விட்டு, வார நாட்களில் காலைப் பூசைக்கு வருவது அவர்களுக்கு உகந்தது. இரண்டு யன்னல்களைச் சற்றுத் திறந்து வைப்பதற்கு நிருவாகத்தினரிடம் பணம் கேட்கத் தேவையில்லை. அர்ச்சனைத் தட்டோடு அவர் வரும்போது வரிசையில் முன்னே விட்டு விரைவில் அனுப்பிவைத்தால் அதுவும் ஒரு தொண்டு.

பிரசாதம் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கின்றது. எனினும் சொல்லத்தான் வேண்டும். சமைத்த சோற்றில் பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கி இருக்கும். சோறு சூடாறி மணிக்கணக்கில் மேசையில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. காலையில் செய்த புளிச்சாதமும் பொங்கலும் மாலைவரை வெளியே இருக்கும் இடத்தில், சிகிச்சை பெறுபவர் மடப்பள்ளியிலிருந்து சூடாக வந்ததை மட்டும் உண்ணட்டும். பலர் கைபட்ட பஞ்சாமிர்தத்தை வேண்டாம் என்பது அவமதிப்பன்று. தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொண்டாலும் அது தீர்த்தமே. குருக்கள் ஐயாமார் இதைத் தாமாகவே ஒருமுறை சொல்லிவிட்டால் நோயாளி கூசி நிற்க வேண்டியதில்லை.

விலகியிருத்தல் எமக்குப் புதிய பழக்கம் அன்று. அம்மாள் வருத்தம் கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை கட்டுவார்கள். அதைக் கண்டவர் காரணம் கேளாமல் திரும்பிப் போவார். துடக்குக் காலத்தில் நாம் கோயிலுக்குப் போவதில்லை. அதனால் பக்தி குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. தடிமனும் இருமலும் உள்ள நாட்களில், பிள்ளைக்குக் காய்ச்சல் உள்ள நாட்களில், ஆலயத்துக்கு வராமல் வீட்டிலிருந்தே வணங்குவது இதே ஒழுங்கின் தொடர்ச்சிதான் என்பது எமது கருத்து. அம்மாள் வருத்தம் என்னும் கொப்புளிப்பான் கீமோதெரபி பெறுபவருக்கு மிகவும் பொல்லாதது. கொப்புளம் தோன்றுமுன் இரண்டு நாட்களிலேயே அது தொற்றத் தொடங்கிவிடும். தமிழ்ப் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அன்றே எல்லோருக்கும் அறிவியுங்கள். செய்தி அறிந்த நோயாளி தம் சிகிச்சைக் குழுவுக்குத் தாமதியாது சொன்னால், தடுக்கும் மருந்து கொடுக்க வாய்ப்பு உண்டு. 2026 ஜனவரி முதல் இந்நாட்டில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளில் இதுவும் சேர்ந்திருப்பது ஆறுதல்.

இவ்வளவும் நடக்க வேண்டுமாயின் ஒருவருக்கு வருத்தம் இருப்பது பிறருக்குத் தெரியவேண்டும். அங்கேதான் நாம் இடறுகின்றோம். புற்றுநோய் என்ற சொல்லையே வாயால் சொல்லாமல் "அந்த வருத்தம்" என்கிறோம். மகளின் கலியாணப் பேச்சுக் கெட்டுவிடும், ஊர் கதைக்கும் என்று மறைக்கிறோம். மறைத்தபடியால் முகக்கவசத்துக்குக் காரணம் சொல்ல முடிவதில்லை. காரணம் தெரியாதவர் இருமலோடு வந்து கட்டித் தழுவுகின்றார். எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆலயத்தில் நம்பிக்கையான இருவருக்குச் சொன்னாலே போதும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கேட்பவர்களும் "எந்த இடத்தில், எத்தனையாவது கட்டம்" என்று துருவாமல், "என்ன வாங்கிக்கொண்டு வர?" என்று கேட்கலாம்.

நோயாளியைப் பார்க்கக் குடும்பமாக ஆறு பேர் செல்வது எமது அன்பின் அடையாளம். இப்போதைக்கு ஒருவர் போதும்; அதுவும் மருந்து ஏற்றிய இரண்டாம் வாரத்தைத் தவிர்த்து, முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டுவிட்டு. நோர்த்விக் பார்க்குக்கோ மவுண்ட் வேர்னனுக்கோ அவரைக் காரில் ஏற்றிச் செல்ல முடிந்தால் பேருந்துக் கூட்டம் தவிரும். காரின் யன்னலைச் சற்றுத் திறந்து வைக்கவும். தேர் அன்று வர இயலாதவருக்கு விபூதிப் பொட்டலத்தைக் கொண்டுபோய் வாசலில் கொடுத்து, இரண்டு முழம் தள்ளி நின்று, யார் யார் வந்தார்கள், வடம் எங்கே தடைப்பட்டது என்று ஒரு பத்து நிமிடம் கதைத்துவிட்டு வரலாம். குளிரென்றால் மேலங்கியோடு நிற்கலாம்.